பைதானை மூல நிரலிலிருந்து தொகுக்கும்போது எந்தப் பிழையை முதலில் படிப்பது

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை மாலைகளில் ஒரு மண்டபத்தின் பின்னறையில் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு நிரலாக்கம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களிலிருந்தும் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளிலிருந்தும் வரும் பிள்ளைகள் கொண்டுவருபவை பெரும்பாலும் கைமாறி வந்த பழைய மடிக்கணினிகள். அவற்றில் பலவற்றில் உபுண்டு 20.04 இயங்குதளம் இருக்கிறது, அதனுடன் வரும் பைதான் 3.8-க்குப் பைதான் குழு தரும் பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 அக்டோபரோடு நின்றுவிட்டன, புதிய பொதிகள் (நிறுவிக்கொள்ளும் ஆயத்த நிரல் தொகுப்புகள்) பலவும் அதை ஏற்பதில்லை. இயங்குதளத்தையே மாற்ற முடியாத நிலையில், புதிய பைதானின் மூல நிரலை, அதாவது மனிதர் எழுதிய வடிவத்தை, இறக்கி அந்தக் கணினியிலேயே தொகுத்து இயக்கக்கூடிய வடிவுக்கு மாற்றிக்கொள்வதுதான் நாங்கள் பின்பற்றும் வழி. அந்த வேலையில் இடறும் இடங்களையும், இடறியபின் காரணத்தைக் கண்டுபிடிக்கும் முறையையும் இங்கே எழுதுகிறேன். கட்டளைகளையும் பிழைச் செய்திகளையும் உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். முனையத்தில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்டச்சு செய்ய வேண்டும்.

1991-இல் கைடோ வான் ரோசம் முதன்முதலாக வெளியிட்ட பைதானின் இன்டர்பிரட்டர், அதாவது பைதான் நிரல்களைப் படித்து இயக்கும் நிரல், சி மொழியில் எழுதப்பட்டது. ஆகவே அதைத் தொகுப்பது என்பது ஒரு பெரிய சி நிரலைத் தொகுப்பதே. கோப்பை இறக்கிப் பிரிப்பது, கான்ஃபிகர் என்ற நிரலை ஓட்டிக் கணினியை ஆராயச் செய்வது, மேக் கட்டளையால் தொகுப்பது, முடிந்ததை நிறுவுவது என்று வேலை நான்கு கட்டமாக நடக்கும். பிழை எந்தக் கட்டத்தில் வெளிப்பட்டது என்பதும் எந்தக் கட்டத்தில் பிறந்தது என்பதும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. இந்த வேலையின் கடினமெல்லாம் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

ஒரு மாணவர், பைதான் 3.12-ஐ வீட்டிலேயே தொகுத்து நிறுவிவிட்டு, பொதிகளை இறக்கி நிறுவும் பிப் கருவியின் வழியாக ஒரு பொதியை இறக்க முயன்று மூன்று நாள் தோற்றுவிட்டு வந்தார். "அண்ணே, எங்க தோட்டத்துல லைன் சரியில்ல. டேட்டா டாப்-அப் பண்ணியும் இறங்க மாட்டேங்குது" என்றார். அவர் காட்டிய திரையின் கடைசி வரி, இணைய முகவரியை அடைய முடியவில்லை என்றுதான் சொன்னது. ஆனால் அதே செய்தியின் முதல் வரி, பைதானில் பாதுகாப்பான இணைய இணைப்புக்கு வேண்டிய எஸ்எஸ்எல் தொகுதியே இல்லை என்று எச்சரித்திருந்தது. லைனில் எந்தக் குறையும் இல்லை. கான்ஃபிகர் ஓடியபோது, அந்தத் தொகுதிக்கு அடிப்படையான ஓப்பன்எஸ்எஸ்எல் கிடைக்காமல் போயிருக்கிறது. மேக் அதைச் சொல்லிவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்திருக்கிறது. நிறுவும் கட்டமும் குறையில்லாமல் முடிந்திருக்கிறது. முதல் கட்டங்களில் பிறந்த பிழை மூன்று நாள் கழித்து வேறு வேடத்தில் வந்து நின்றது. அந்தப் பிள்ளை டாப்-அப்புக்குச் செலவழித்த பணத்தை நினைத்து எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

முதற்பிழையைப் பிடிப்பது

மேக் கட்டளை தோற்றுப்போகும்போது திரையின் அடியில் நிற்கும் வரியில் 'எரர் 1' அல்லது 'எரர் 2' என்று இருக்கும். அது காரணத்தைச் சொல்வதில்லை. தான் இயக்கிய ஏதோ ஒரு கட்டளை தோல்வியுடன் திரும்பியது என்பதை மட்டுமே மேக் அறிவிக்கிறது. காரணம் அதற்கு மேலே, சில வேளைகளில் நூறு வரிகளுக்கு மேலே, சி நிரலைத் தொகுக்கும் கம்பைலர் எழுதிய வரியில் இருக்கும். ஆகவே ஒவ்வொரு கட்டளையின் வெளியீட்டையும் டீ என்ற கட்டளையின் வழியாக ஒரு கோப்பிலும் சேமித்துக்கொள்ள வேண்டும். பிழைச் செய்திகள் தனி வழியில் வருவதால் அவற்றையும் சேர்த்துத் திருப்பிவிட மறக்கக் கூடாது. பிறகு அந்தக் கோப்பில், முக்காற்புள்ளியோடு சேர்ந்த 'எரர்' என்ற சொல்லை மேலிருந்து கீழாகத் தேடி, முதலில் அகப்படுவதைப் படியுங்கள். அதற்கு அடுத்து வருபவை பெரும்பாலும் அதன் விளைவுகளே.

வேகத்துக்காக ஜே விருப்பத்தைக் கொடுத்து நான்கு வேலைகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டிருந்தால், நான்கின் வரிகளும் ஒன்றோடொன்று கலந்துவிடும். அப்போது மேக் கட்டளையை ஜே இல்லாமல் மீண்டும் ஒரு முறை ஓட்டுங்கள். ஏற்கெனவே முடிந்த கோப்புகளைத் தொடாமல், தோற்ற இடத்துக்கே நேராகப் போய், அந்தப் பிழையை மட்டும் தனியாகக் காட்டி நிற்கும். எரர் என்பதற்குப் பின்னால் வரும் எண்ணும் சில வேளைகளில் உதவும்: 127 என்றால் அழைத்த நிரலே கணினியில் இல்லை, 137 என்றால் இயங்குதளம் அதைக் கொன்றுவிட்டது.

இறக்கிய கோப்பும் வைத்த இடமும்

பைதானின் மூல நிரல் எக்ஸ்இசட் வடிவில் சுமார் 20 மெகாபைட் இருக்கும். மழை நேரத்தில் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் இறக்கினால் பாதியில் அறுந்துபோவது எங்கள் பகுதியில் வழக்கம். பிரிக்கும்போது எதிர்பாராமல் கோப்பு முடிந்துவிட்டது என்ற பொருளில் செய்தி வந்தால் மீண்டும் இறக்குவதைத் தவிர வேறு வழி இல்லை. இறக்கிய பக்கத்தில் கொடுத்திருக்கும் சரிபார்ப்புத் தொகையோடு ஒப்பிட்டுவிட்டால் ஐயமே எழாது.

இடப் பற்றாக்குறையால் பிள்ளைகள் பென்டிரைவிலேயே வைத்துத் தொகுக்கப் பார்ப்பார்கள். அது நடக்காது. ஃபேட் வடிவில் அமைந்த பென்டிரைவில் இயங்கும் அனுமதியைக் கோப்புக்குக் கொடுக்க முடியாது. குறியீட்டு இணைப்புகளையும் அது தாங்காது. கான்ஃபிகர் அனுமதி மறுக்கப்பட்டது என்று நிற்கும். அதை ஷெல் வழியாக வலிந்து ஓட்டினால், தொகுத்த சி நிரலை இயக்க முடியவில்லை, வேறு கணினிக்காகத் தொகுக்கிறீர்களா என்று கேட்டு நிற்கும். இந்தக் கேள்வியை நம்பிக் கம்பைலரைச் சந்தேகிக்க வேண்டாம். கான்ஃபிகர் ஒரு சிறு நிரலை எழுதித் தொகுத்து ஓட்டிப் பார்க்கிறது. அந்தச் சிறு நிரலை அந்த இடத்தில் ஓட்ட முடியவில்லை என்பதே அதன் பொருள். கோப்புறையை உங்கள் ஹோம் கோப்புறைக்குள் மாற்றி, அங்கே இரண்டு ஜிகாபைட்டாவது காலியாக இருப்பதை உறுதிசெய்துகொண்டு தொடங்குங்கள்.

இன்னொன்று, கட்டளையை வாட்ஸ்அப்பில் பகிர்ந்துகொள்வது. சில கைப்பேசிகளின் விசைப்பலகை இரண்டு சிறு கோடுகளைத் தானாகவே ஒரு நீண்ட கோடாக மாற்றிவிடுகிறது. அதை நகலெடுத்து ஒட்டினால் நிறுவ வேண்டிய இடத்தைச் சமக்குறியோடு சொல்லும் ப்ரீஃபிக்ஸ் என்ற விருப்பத்தைக் கான்ஃபிகர் விருப்பமாகவே எடுத்துக்கொள்ளாமல், அது ஒரு மாறியின் பெயர் என்று கருதி, 'தவறான மாறிப் பெயர்' என்று சொல்லி நின்றுவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால் இதில் ஒரு மாலைப்பொழுதே போய்விடும். கோடுகளைக் கையால் அழித்துவிட்டுத் திரும்பத் தட்டச்சு செய்யுங்கள்.

இருக்கிறது, ஆனால் இல்லை என்கிறது

மிகுதியான தொல்லை இங்கேதான். "ஓப்பன்எஸ்எஸ்எல் என் கணினியில் இருக்கிறதே, பிறகு ஏன் இல்லை என்கிறது?" என்று கேட்காத மாணவர் இல்லை. ஒரு லைப்ரரி, அதாவது பிற நிரல்கள் பயன்படுத்திக்கொள்ளும் ஆயத்த நிரல், கணினியில் இரண்டு பங்காக வருகிறது. ஏற்கெனவே தொகுத்து முடிந்த நிரல்கள் ஓடுவதற்கு வேண்டிய பங்கு இயங்குதளத்தோடு வந்துவிடுகிறது. புதிதாக ஒரு நிரலைத் தொகுப்பதற்கு வேண்டிய ஹெடர் கோப்புகள், அதாவது எந்தெந்தப் பணிகள் அதில் உண்டு, அவற்றுக்கு என்னென்ன கொடுக்க வேண்டும் என்று கம்பைலருக்குச் சொல்லும் கோப்புகள், தனிப் பொதியாக இருக்கின்றன. உபுண்டுவில் அந்தப் பொதிகளின் பெயர் 'டெவ்' என்று முடியும். முதற்பங்கு இருந்து இரண்டாம் பங்கு இல்லாவிட்டால், ஓடும் நிரலுக்கு லைப்ரரி இருக்கிறது, தொகுக்கும் நிரலுக்கு இல்லை.

பில்ட்-எசென்ஷியல் என்ற பொதி கம்பைலரையும் மேக்கையும் கொண்டுவரும். அது இல்லாவிட்டால் ஏற்கத்தக்க சி கம்பைலர் கிடைக்கவில்லை என்று கான்ஃபிகர் தொடக்கத்திலேயே நின்றுவிடும். அதோடு எஸ்எஸ்எல், இசட்லிப், எஃப்எஃப்ஐ, எஸ்க்யூலைட்3, ரீட்லைன், பிஇசட்2, எல்இசட்எம்ஏ ஆகியவற்றின் டெவ் பொதிகளையும், வரைகலைச் சாளரங்கள் வேண்டுமானால் டிகே டெவ் பொதியையும் ஒரே முறையில் நிறுவிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் இல்லாதபோது குறை தெரியும் இடம் வேறு. இசட்லிப் இல்லாவிட்டால் நிறுவும் கட்டத்தில், பிப்பை அமைக்கும்போது, தரவை விரிக்க முடியவில்லை என்று உடையும். எஃப்எஃப்ஐ இல்லாவிட்டால் சிடைப்ஸ் தொகுதி இல்லை என்று பின்னொரு நாள் ஏதோ ஒரு பொதி புகார் சொல்லும். ரீட்லைன் இல்லாவிட்டால் எந்தப் பிழையும் வராது. இன்டர்பிரட்டருக்குள் மேல் அம்புக்குறியை அழுத்தினால் முந்தைய வரி வருவதற்குப் பதிலாக விநோதக் குறிகள் விழும், அவ்வளவுதான். ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு ஒரு நிபந்தனை கூடுதல்: பைதான் 3.10 முதல் அது 1.1.1 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பாக இருக்க வேண்டும். உபுண்டு 20.04-இல் இருப்பது 1.1.1 என்பதால் எங்களுக்குச் சிக்கல் இல்லை. அதைவிடப் பழையது இருந்தால், புதிய ஓப்பன்எஸ்எஸ்எல்லைத் தனிக் கோப்புறையில் நிறுவி, வித்-ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற விருப்பத்தால் அந்த இடத்தைக் கான்ஃபிகருக்குச் சுட்ட வேண்டும்.

பைதான் 3.11 முதல், எந்தெந்தத் தொகுதிகள் உருவாகும், எவை உருவாகா என்று கான்ஃபிகரே தன் வெளியீட்டின் இறுதியில் ஒவ்வொரு வரியாகச் சொல்லிவிடுகிறது. அந்த வரிகளில் 'மிஸ்ஸிங்' என்ற சொல்லைத் தேடிப் பார்த்துவிட்டு மேக் கட்டளைக்குப் போனால், பழைய மடிக்கணினியில் அரைமணி நேரம் ஓடவிட்டுக் கடைசியில் ஏமாற வேண்டியதில்லை. நான் இப்போதெல்லாம் இந்தச் சோதனையை முடிக்காத பிள்ளையை மேக் ஓட்ட விடுவதே இல்லை.

குறைந்த பொதியை நிறுவியபின் செய்யும் தவறு ஒன்று உண்டு. பலரும் மேக் கட்டளையை மட்டும் திரும்ப ஓட்டுகிறார்கள். அதே குறை அப்படியே நிற்கிறது. பொதியால் பயனில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். கான்ஃபிகர் தான் ஆராய்ந்து கண்டதை மேக்ஃபைலிலும் ஒரு ஹெடர் கோப்பிலும் எழுதிவைத்துவிட்டுப் போய்விடுகிறது. மேக் அந்தக் குறிப்பை மட்டுமே படிக்கும்; கணினியில் பிறகு என்ன மாறியது என்று அதற்குத் தெரியாது. ஆகவே புதிய பொதி வந்தால் மேக் டிஸ்ட்கிளீன் கொடுத்துப் பழையதைத் துடைத்துவிட்டு, கான்ஃபிகரிலிருந்தே தொடங்குங்கள்.

கான்ஃபிகரே நின்றுவிட்டால், அல்லது ஒரு லைப்ரரியை ஏன் ஏற்கவில்லை என்று புரியாவிட்டால், அதே கோப்புறையில் கான்ஃபிக்.லாக் என்ற கோப்பைத் திறங்கள். அதன் கடைசிப் பகுதி மாறிகளின் நீண்ட பட்டியல். அங்கே ஒன்றும் கிடைக்காது. திரையில் தோற்ற சோதனையின் வரியை அப்படியே கோப்பில் தேடிப் பிடித்து, அதற்குக் கீழே கம்பைலர் சொன்னதைப் படியுங்கள். இந்தக் கோப்பில் பிழைகள் ஏராளமாக இருப்பது இயல்பு, ஏனென்றால் கான்ஃபிகர் இல்லாதவற்றையும் இருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பதே தன் வேலையாகக் கொண்டது. நமக்கு வேண்டியது நம் சோதனைக்குரிய பிழை மட்டுமே.

கணினியே காரணமாகும்போது

4 ஜிபி நினைவகமுள்ள மடிக்கணினியில் உலாவியையும் திறந்துவைத்துக்கொண்டு எட்டு வேலைகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டால், கம்பைலர் 'கில்ட்' என்ற ஒற்றைச் சொல்லோடு செத்துவிடும். இயங்குதளத்தின் பதிவைக் காட்டும் டிமெஸ்ஜி கட்டளையில், நினைவகம் தீர்ந்ததால் சிசி1 (கம்பைலரின் உள்நிரல்) கொல்லப்பட்டது என்ற வரி இருந்தால் ஐயமில்லை. உலாவியை மூடி, ஜே எண்ணை 1 அல்லது 2 ஆகக் குறையுங்கள். போதாவிட்டால் வட்டிலேயே கூடுதல் நினைவகமாகப் பயன்படும் இரண்டு ஜிகாபைட் ஸ்வாப் கோப்பு ஒன்றை அமையுங்கள். எனேபிள்-ஆப்டிமைசேஷன்ஸ் விருப்பத்தை முதல் முறை கொடுக்கவே வேண்டாம். அது இன்டர்பிரட்டரை ஒரு முறை தொகுத்து, சோதனைகளை ஓட்டி எந்த வழிகள் அதிகம் பயன்படுகின்றன என்று அளந்து, மறுபடியும் முழுவதையும் தொகுக்கும். வேகம் கூடுவது உண்மைதான். ஆனால் அடிப்படையே சரியாக வருகிறதா என்று தெரியாத நிலையில் அந்த நேரத்தைச் செலவழிப்பதில் பொருளில்லை.

பேராக்கின் பிற்பகல் இடிமழையில் மின்சாரம் டிரிப் ஆவதும், பேட்டரி செத்த மடிக்கணினி அந்த நொடியே அணைவதும் எங்களுக்குப் பழகிய ஒன்று. தொகுப்பின் நடுவே அப்படி அணைந்தால், பாதி எழுதிய அல்லது ஒன்றுமே எழுதாத ஆப்ஜெக்ட் கோப்பு (ஒவ்வொரு மூலக் கோப்பையும் தொகுத்துக் கிடைப்பது) வட்டில் தங்கிவிடலாம். மேக் கோப்பின் உள்ளடக்கத்தைப் பார்ப்பதில்லை, தேதியையும் நேரத்தையும் மட்டுமே பார்க்கிறது. அந்த வெற்றுக் கோப்பு மூலக் கோப்பைவிடப் புதியதாக இருப்பதால் வேலை முடிந்தது என்று கருதிக் கடந்துவிடும். இறுதியில் இணைக்கும்போது லிங்கர் இந்தக் கோப்பை அடையாளம் தெரியவில்லை, பாதியில் வெட்டப்பட்டிருக்கிறது என்று சொல்லும். மேக் கிளீன் கொடுத்துத் திரும்பத் தொகுத்தால் சரியாகிவிடும்.

நேரத்தைப் பற்றிய இன்னொரு நிகழ்வை விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு மடிக்கணினியில் மேக் ஓட்டும்போதெல்லாம் கோப்புகளின் நேரம் எதிர்காலத்தில் இருக்கிறது, கடிகாரம் பிசகியிருக்கிறது, தொகுப்பு முழுமையாக இல்லாமல் போகலாம் என்ற எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. எத்தனை முறை ஓட்டினாலும் முதலிலிருந்தே தொகுத்தது. திரையின் மூலையில் பார்த்தபோது ஆண்டு 2015 என்று இருந்தது. பின்மூடியைக் கழற்றினோம்; தாய்ப்பலகையின் ஓரத்தில் கறுப்பு உறைக்குள், இரண்டு மெல்லிய கம்பிகளோடு, பொத்தான் அளவில் ஒரு சிஆர்2032 பேட்டரி இருந்தது. அது செத்துப்போனதால், மின்சாரம் போகும் ஒவ்வொரு முறையும் கடிகாரம் 2015-க்குத் திரும்பியிருக்கிறது. டார் கட்டளை பிரிக்கும்போது கோப்புகளுக்கு அவற்றின் மூலத் தேதியையே கொடுக்கும், பைதான் 3.12.0 வெளியானது 2023 அக்டோபர் 2. ஆகவே 2015-இல் உருவான ஆப்ஜெக்ட் கோப்பு எப்போதுமே 2023-இன் மூலக் கோப்பைவிடப் பழையதாகத் தெரிந்து, மேக் ஓயாமல் திரும்பத் தொகுத்திருக்கிறது. பொதிகளை நிறுவும்போது பொதிப் பட்டியல் இன்னும் நடப்புக்கு வரவில்லை என்று மறுக்கப்படுவதற்கும், பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று வருவதற்கும் இதே பேட்டரி காரணமாக இருக்கக்கூடும். நேரத்தைச் சரிசெய்து, மேக் கிளீன் கொடுத்துத் தொடங்கினோம். ஒரே ஓட்டத்தில் முடிந்தது.

கம்பைலர் ஒவ்வொரு முறையும் வேறு வேறு கோப்பில் செக்மென்டேஷன் ஃபால்ட் என்று விழுந்தால், குறை நிரலில் இல்லை. மூல நிரலின் பிழை இடம் மாறாது. தகரக் கூரையின் கீழ் நடுப்பகலில் சூடேறிய கணினியோ, பழுதான நினைவகச் சில்லோதான் காரணமாக இருக்கும். மெம்டெஸ்ட் நிரலை இரவு முழுவதும் ஓட்டிப் பாருங்கள். விசிறியின் தூசியைத் துடையுங்கள்.

நிறுவும்போது

நிர்வாகியின் உரிமையோடு கட்டளையை ஓட்டும் சூடோவை மேக்கின் முன்னால் போடாதீர்கள். போட்டால் கோப்புகளெல்லாம் நிர்வாகியின் உடைமையாகிவிடும். அடுத்த முறை சாதாரணமாக ஓட்டும்போது அனுமதி இல்லை என்று நிற்கும். மேக் இன்ஸ்டாலுக்குப் பதில் மேக் ஆல்ட்இன்ஸ்டால் கொடுங்கள். முன்னது பைதான்3 என்ற பெயரையும் எடுத்துக்கொள்ளும். உபுண்டுவின் சொந்தக் கருவிகள் பல அந்தப் பெயரை நம்பியிருப்பதால் அவை தடுமாறக்கூடும். பின்னது பைதான்3.12 என்ற பெயரில் மட்டும் வைக்கும். இதைவிடவும் நான் விரும்புவது, ப்ரீஃபிக்ஸ் விருப்பத்தால் ஹோம் கோப்புறைக்குள் ஓர் இடத்தைச் சுட்டி அங்கே நிறுவுவது. அதற்குச் சூடோவே தேவையில்லை.

பைதானின் மையத்தைத் தனி லைப்ரரியாக வைக்கும் எனேபிள்-ஷேர்டு விருப்பத்தைக் கொடுத்துத் தொகுத்தவர்களுக்கு, நிறுவிய பைதான் ஓடத் தொடங்கும்போதே லிப்பைதான் கோப்பைத் திறக்க முடியவில்லை என்று வரலாம். கோப்பு நிறுவப்பட்டிருக்கும், இயங்குதளம் தேடும் இடங்களில் அது இல்லை. ஹோம் கோப்புறையில் நிறுவியிருந்தால், ஆர்பாத் என்ற இணைப்புக் குறிப்பில் அந்த லிப் கோப்புறையைக் கொடுத்து மறுபடியும் கான்ஃபிகர் செய்யுங்கள். யூஎஸ்ஆர் லோக்கலில் நிறுவியிருந்தால் எல்டிகான்ஃபிக் ஒரு முறை ஓட்டினால் போதும். வேறு நிரலுக்குள் பைதானைப் பொருத்தும் தேவை இல்லாத மாணவருக்கு இந்த விருப்பமே வேண்டியதில்லை.

மேக் டெஸ்ட் ஓட்டும்போது ஒன்றிரண்டு சோதனைகள் தோற்றால் பதற வேண்டாம். இணையத்தைத் தேடும் சோதனைகள் லைன் இல்லாதபோது தோற்கலாம். தோற்ற சோதனையை மட்டும் அதன் பெயரைக் கொடுத்துத் தனியாக ஓட்டி, அது என்ன சொல்கிறது என்று படியுங்கள். பிறகு புதிய இன்டர்பிரட்டரைத் திறந்து எஸ்எஸ்எல், இசட்லிப், சிடைப்ஸ், எஸ்க்யூலைட்3, ரீட்லைன் ஆகியவற்றை ஒவ்வொன்றாக இம்போர்ட் செய்யுங்கள். ஒரு தமிழ் வரியை அச்சிட்டு எழுத்துகள் உடையாமல் வருகின்றனவா என்றும் பாருங்கள். தமிழ்ச் சொற்களிலேயே நிரல் எழுத உதவும் எழில் மொழி பைதானின் மேல்தான் ஓடுகிறது என்பதால், அதைத் தொடப்போகும் பிள்ளைகளுக்கு இந்தக் கடைசிச் சோதனை முக்கியம்.

பைதானின் மேக்ஃபைலில் நிறுவியதை நீக்கும் கட்டளை கிடையாது. ஹோம் கோப்புறைக்குள் தனி ப்ரீஃபிக்ஸில் நிறுவியிருந்தால் அந்த ஒரு கோப்புறையை அழித்துவிட்டு மறுபடியும் தொடங்கலாம்; யூஎஸ்ஆர் லோக்கலில் நிறுவியிருந்தால் பின், லிப், இன்க்ளூட், ஷேர் என்று ஒவ்வோர் இடமாகப் போய் 3.12 என்ற பெயருள்ளவற்றைக் கையால் தேடி நீக்க வேண்டியிருக்கும்.